கும்பிடும் கையும் வழக்கு மனுவும்

இருவர் பகைத்துக்கொண்டால் அடித்துக்கொள்வர், அல்லது பேசாதிருப்பர். இவ்விரண்டையும் செய்யாது, முன்னிலும் அதிக மரியாதையோடு அவர்கள் பேசத் தொடங்குவார்களாயின், அங்கே அங்கத ஆசிரியனுக்கு வேலை வந்துவிட்டது என்பது பொருள். "தாங்கள்" என்ற சொல் நாவில் இருக்க, தாங்க முடியாத கோபம் தொண்டையில் இருக்கும் அந்த நிலையை உலக இலக்கியத்தின் பெரிய எள்ளற்காரர்கள் எல்லோரும் கண்டுகொண்டனர். அதை அவர்கள் வெறும் சிரிப்புக்காக எழுதினார்களா, அன்றி அந்த மரியாதையின் அடியில் கிடக்கும் சமூக உண்மையைத் தோண்டி எடுப்பதற்காக எழுதினார்களா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா. நம் இளம் எழுத்தாளர்கள் எதிரியை எப்படிப் படைக்க வேண்டும் என்ற பிரச்சினையும் இவ்வினாவோடு பிணைந்திருப்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தமிழனுக்கு இது புதிய சரக்கன்று. புகழ்வது போலப் பழிப்பதைத் தண்டியலங்காரம் இலேச அணியின் பகுதியாகக் கொண்டு இலக்கணம் கூறுகிறது. வஞ்சப் புகழ்ச்சி என்ற பெயரில் இன்றும் அதனை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் செல்கிறாள் ஔவை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை கோபிக்கவில்லை, அச்சுறுத்தவும் இல்லை. உன் ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறாள். ஒரு வசைச்சொல் இல்லை. ஆனால் யார் போர் செய்து பழகியவன், யார் ஆயுதத்தை அலங்காரமாக வைத்திருப்பவன் என்பது அந்த ஒரு பாராட்டிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

வள்ளுவரும் கூடா நட்பு அதிகாரத்தில், தொழுகின்ற கைக்குள்ளேயே ஆயுதம் மறைந்திருக்கக்கூடும் என்று எச்சரிக்கிறார். பெரியபுராணத்தில் முத்தநாதன் சிவனடியார் கோலத்தில் வந்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, மெய்ப்பொருள் நாயனாரை வீழ்த்துகிறான். ஆயினும் இவை அங்கதம் ஆகா. பழைய கதையில் வணக்கத்துக்குள் உண்மையான கத்தி இருந்தது. கத்தி வெளிப்பட்டதும் வணக்கம் முடிந்தது. நவீன அங்கதக் கதையிலோ கத்தி வெளிப்படுவது அரிது. மரியாதை முடிவின்றி நீள்கிறது. கத்தி இருக்க வேண்டிய இடத்தில் மனு இருக்கிறது, மொட்டைக் கடிதம் இருக்கிறது, கூட்டத் தீர்மானம் இருக்கிறது. இந்த மாற்றம் எதனால் நிகழ்ந்தது? நிலமும் பட்டமும் உடைய வர்க்கங்கள் வாளை இழந்து, வாளேந்திய காலத்துப் பெருமிதத்தை மட்டும் வைத்துக்கொண்டதால் நிகழ்ந்தது என்பதே நமது கருத்து. அதற்கு இரண்டு கதைகளைச் சான்றாகக் கொள்வோம்.

முதலாவது, ருஷ்ய எழுத்தாளர் கோகோல் 1834இல் வெளியிட்டு, மறு ஆண்டில் 'மீர்கோரத்' என்ற தொகுதியிற் சேர்த்த கதை. இவான் இவானொவிச், இவான் நிக்கிபரொவிச் என்ற இரு அயலவர்கள் சண்டையிட்டதைச் சொல்வது. இருவரும் ஒரு சிற்றூரின் நிலவுடைமையாளர், பிரியாத நண்பர், செய்வதற்கு ஒரு தொழிலும் இல்லாதவர். முதலாமவர் பேச்சில் நயமே உருவானவர். பொடி டப்பாவை நீட்டும்போதுகூட, தாங்கள் தயைகூர்ந்து பெற்றுக்கொள்ளுமாறு வேண்டத் துணியலாமா என்ற பாணியிற் கேட்பவர். மற்றவர் டப்பாவைக் கையிற் கொடுத்து எடுத்துக்கொள் என்பவர். ஒருநாள் முதலாமவர் தம் அயலவரின் பழைய துப்பாக்கி ஒன்று வெயிலிற் காயப்போட்டிருப்பதைக் காண்கிறார். அவருக்கு அது தேவையில்லை, ஆனால் வேண்டும். ஒரு பன்றியையும் இரண்டு மூட்டைத் தானியத்தையும் தருவதாகப் பேரம் பேசுகிறார். மற்றவர் மறுக்கிறார். பேச்சு தடிக்கிறது. அந்த நேரத்தில் "வாத்து" என்று ஒரு சொல் விழுகிறது. அவ்வளவுதான். ஆயுட்கால நட்பு முறிகிறது.

இதற்குப் பிறகு வருவதுதான் நமக்கு வேண்டிய பகுதி. எல்லையோரத்தில் வேண்டுமென்றே ஒரு வாத்துக் கொட்டில் எழுகிறது. இரவில் அது அறுத்து வீழ்த்தப்படுகிறது. இருவரும் நீதிமன்றம் ஏறுகின்றனர். இவான் இவானொவிச் நீதிமன்றத்திலே நீதிபதியின் தேநீர் உபசாரத்துக்கிடையே வணங்கி வணங்கி நன்றி சொல்லிவிட்டு மனுவை எடுத்து நீட்டுகிறார். அம்மனுவில் அரசாங்க மரபுக்குரிய பணிவுச் சொற்கள் எல்லாம் ஒழுங்காக உள்ளன. அவற்றின் நடுவே அயலவனுக்கு விலங்கு மாட்டிச் சிறையில் அடைக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் உள்ளது. தமக்கு இடப்பட்ட பெயர் கோயிற் பதிவேட்டில் முறையாகப் பதியப்பெற்றிருக்க, ஒரு பறவையின் பெயரால் தாம் அழைக்கப்பட்டதே அவரது முறையீடு. மற்றவரும் மனுக் கொடுக்கிறார். அதை ஒரு பன்றி நீதிமன்றத்துக்குள் நுழைந்து தூக்கிக்கொண்டு ஓடுகிறது. சட்டத்துக்கும் பன்றிக்கும் ஒரே தரம்!

ஊரார் இருவரையும் ஒரு விருந்திற் கொண்டுவந்து சேர்க்கின்றனர். பின்னாலிருந்து தள்ளி எதிரெதிரே நிறுத்துகின்றனர். முகங்கள் இளகுகின்றன, கைகள் நீளப் போகின்றன. அந்த வேளையில் இவான் நிக்கிபரொவிச், நட்போடு ஒன்று சொல்கிறேன், இவ்வளவு சிறிய விஷயத்துக்கா கோபித்தீர்கள் என்று தொடங்கி, அந்த "வாத்து" என்ற சொல்லையே மீண்டும் சொல்லிவிடுகிறார். எல்லாம் பாழாகிறது. சமாதானத்தின் மொழியிலேயே சண்டையின் விதை இருந்தது. பல ஆண்டுகள் கழித்துக் கதைசொல்லி அவ்வூருக்கு வரும்போது இருவரும் நரைத்துப்போயிருக்கின்றனர். வழக்கு விரைவில் முடிந்துவிடும், தீர்ப்புத் தமக்கே சாதகம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அவரிடம் சொல்கின்றனர்.

யாழ்ப்பாணத்து வேலிகளை அறிந்தவர்களுக்கு இக்கதையில் ஓர் அந்நியமும் இல்லை. எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்பதற்காக உறுதியும் தோம்பும் தூக்கிக்கொண்டு பிரக்கிராசி வீட்டுக்கும் அப்புக்காத்து வீட்டுக்கும் நடந்து, காணியின் விலையைவிட அதிகமாகக் கோட்டுச் செலவு செய்த குடும்பங்களின் கதையைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மிடையே எத்தனை பேர்? அப்படி நடந்தவர்கள் கோயில் வீதியிற் சந்தித்தபோது "சுகமாய் இருக்கிறியளோ" என்று கேட்கத் தவறியதில்லை. மீர்கோரத்தின் வாத்துக் கொட்டிலும் நம் ஊரின் கிடுகுவேலியும் ஒரே பொருளாதாரத்திற் பிறந்தவை. சிறு நிலவுடைமையாளனுக்கு நிலத்துக்கு அடுத்த சொத்து மரியாதை. நிலம் சுருங்கச் சுருங்க மரியாதையின் மதிப்பு ஏறுகிறது. ஆகவேதான் அதற்காக நிலத்தையே ஈடுவைத்து வழக்காடுகிறான்.

இரண்டாவது கதை பிரேம்சந்த் 1924இல் எழுதிய 'சதுரங்க ஆட்டக்காரர்கள்'. 1936இல் லக்னோவில் கூடிய அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பெருமகன் அவர். அந்த லக்னோவின் நவாபு காலமே இக்கதையின் களம். 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி அயோத்தி அரசை விழுங்கியபோது, மிர்ஸா, மீர் என்ற இரு ஜாகீர்தார்கள் சதுரங்கப் பலகையை விட்டு எழவில்லை. மிர்ஸாவின் மனைவி தலைவலி என்று பணிப்பெண்ணை மீண்டும் மீண்டும் அனுப்புகிறாள், அவர் எழவில்லை. வீட்டில் இடமில்லாது போக, கோமதி நதிக்கு அப்பாலுள்ள பாழடைந்த மசூதியொன்றை ஆட்டக்களமாக்கிக் கொள்கின்றனர். கம்பெனிப் படை செல்கிறது. பின் மன்னரைச் சிறைபிடித்துக்கொண்டு திரும்புகிறது. அவர்கள் கண்களிற் பலகையின் அரசன் மட்டுமே தெரிகிறான்.

பிறகு ஒரு காய் நகர்த்தலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது பற்றி வாதம் எழுகிறது. இங்கே பிரேம்சந்தின் மேதையை நாம் கவனிக்க வேண்டும். இருவரும் லக்னோ நாகரிகத்தின் குழந்தைகள். ஏசும்போதும் அவர்கள் மரியாதைப் பன்மையை விடவில்லை. எதிரியின் தந்தையைச் சொல்லும்போதும் மதிப்புக்குரிய சொல்லாலேயே சொல்கின்றனர். தங்கள் வம்சத்தில் யாராவது சதுரங்கம் ஆடியிருந்தாலல்லவா விதி தெரியும், அவர்கள் புல் செதுக்கிக்கொண்டிருந்தவர்களாயிற்றே என்கிறார் ஒருவர். புல் செதுக்கியவர் தங்கள் தந்தையாராக இருக்கும் என்கிறார் மற்றவர். முன்னாள் நவாபின் சமையற்கட்டில் வேலை பார்த்தே காலம் கழிந்ததை மறந்துவிட்டீர்களோ என்று வாதம் உயர்கிறது. இறுதியில் வாள்கள் உருவப்படுகின்றன. தங்கள் மன்னனுக்காக ஒரு துளிக் கண்ணீரும் விடாதவர்கள் சதுரங்க மந்திரிக்காக உயிரைக் கொடுக்கின்றனர். அவர்கள் கோழைகள் அல்லர் என்று ஆசிரியரே சொல்கிறார். வீரம் இருந்தது, அதைச் செலவிட வேண்டிய இடம் எது என்ற அரசியல் உணர்ச்சி செத்துப்போயிருந்தது.

சத்தியஜித் ரே 1977இல் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது முடிவை மாற்றினார். ஒரு குண்டு வெடிக்கிறது, எவரும் சாகவில்லை. இருவரும் சமாதானமாகி, வெள்ளையர் ஆட்ட விதிப்படி புதிய ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். எது கூர்மையான அங்கதம் என்று மாணவர்கள் விவாதிப்பதுண்டு. பிரேம்சந்தின் முடிவில் அழிவின் துயரம் இருக்கிறது. பாழ்மண்டபம் அவர்களுக்காக வருந்துவது போன்ற இறுதிக் காட்சி உருக்கமானதே, ஆயினும் அந்த உருக்கம் எள்ளலின் முனையைச் சற்று மழுக்கிவிடுகிறது. ரேயின் முடிவில் மரியாதை பிழைத்துக்கொள்கிறது. நாடு போனபின்னும் நாகரிகம் போகவில்லை. இதுவே அதிகக் கசப்பானது என்பது நமது துணிபு. பகைவர் இருவரும் செத்துப்போனால் ஒரு யுகம் முடிந்தது என்று வாசகன் ஆறுதல் அடையலாம். அவர்கள் மீண்டும் அமர்ந்து ஆடத் தொடங்கினால் அந்த ஆறுதலும் இல்லை.

இவ்விரு கதைகளையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை நம்மைத் திடுக்கிட வைக்கிறது. மரியாதைக்காரர்களை வெடிக்கச் செய்த சொற்கள் யாவை? புல் செதுக்குதல், சமைத்தல். அதாவது உழைப்பு! உன் முன்னோன் திருடினான், கொன்றான், குடிகளைப் பிழிந்தான் என்று அவர்கள் ஏசிக்கொள்ளவில்லை. உன் முன்னோன் வேலை செய்தான் என்பதே தாங்க முடியாத ஏச்சு. கோகோலின் நாயகனுக்கும், பிறப்பாலும் பெயராலும் வந்த உயர்வை ஒரு கொட்டிற் பறவையின் பெயர் தொட்டுவிட்டதே பெருந்துயர். மரியாதையின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது உழைப்பவன் மீதுள்ள அருவருப்பு. இதைக் கண்டு காட்டியதால்தான் இக்கதைகள் வெறும் வேடிக்கைக் கதைகளின் வரிசையிலிருந்து உயர்ந்து நிற்கின்றன.

இந்த அருவருப்பு நம் இலக்கிய உலகிலும் பேசியதுண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை நினைவுகூர்வோம். மீனவனும் தொழிலாளியும் தோட்டத்து உழைப்பாளியும் தம் சொந்தப் பேச்சில் கதைகளுக்குள் வந்தபோது, அது "இழிசனர் வழக்கு" என்று சொல்லப்பட்டது. சொன்னவர்கள் சந்தையில் நின்று கூச்சலிடவில்லை. இலக்கண நூல்களை மேற்கோள் காட்டி, செந்தமிழில், மிகுந்த கண்ணியத்தோடு சொன்னார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் போன்ற முற்போக்குத் திறனாய்வாளர்கள் அதற்கு விடையிறுத்தபோது, அவ்விவாதம் இலக்கணத்தைப் பற்றியதன்று, யாருக்குக் கதையில் வாய் உண்டு என்பதைப் பற்றியது என்பதைத் தெளிவாக்கினர். லக்னோவின் புல் செதுக்கியும் நம் ஊரின் இழிசனரும் ஒரே ஏச்சின் இரு பதிப்புகள்.

தமிழ்ச் சிறுகதையில் இப்பணிமொழியின் நுட்பத்தைப் புதுமைப்பித்தனைப் போல் அறிந்தவர் அரியர். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் எதிரெதிரே நிற்பவர்கள் வழக்கமான பகைவர்கள் அல்லர். ஆயினும் படைத்தவன் மீது படைக்கப்பட்டவனுக்குள்ள நெடுநாட் கோபம் உபசாரமாக வடிவெடுப்பதை அங்கே காண்கிறோம். சென்னைத் தெருவில் வந்து நிற்கும் கடவுளைப் பிள்ளை திட்டவில்லை. காப்பி வாங்கிக் கொடுக்க அழைத்துச் செல்கிறார். காப்பியின் சுவை தம் திருவிளையாடல் என்று கடவுள் பெருமை கொள்ளும்போது, அது ஓட்டல்காரன் கலந்த சிக்கரித் தூளின் மகிமை என்று அமைதியாகத் திருத்துகிறார். வரம் கேட்க மறுக்கிறார். தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கிறார். தெய்வத்தின் மீது ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தானுக்கு இருக்கக்கூடிய எல்லாக் குற்றச்சாட்டும் அந்தச் சந்தா வேண்டுகோளில் அடங்கியிருக்கிறது.

அக்கதையிலேயே ஒரு சிறு பாத்திரம் வருகிறான்: ரிக்ஷாக்காரன். கூலியைப் பெற்றுக்கொண்டு, கொடுத்தவரை மனங்குளிர வாழ்த்துகிறான். கடவுளுக்கு ஒரு மனிதன் ஆசி கூறிவிட்டான்! கதை முழுவதிலும் உள்நோக்கமில்லாத மரியாதைச் சொல் அது ஒன்றே. அதைச் சொல்பவன் வண்டி இழுப்பவன். இதே ஆசிரியரின் 'மனித யந்திரம்' இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஆயுள் முழுதும் முதலாளிக்குப் பணிந்து கடைக்கணக்கு எழுதிய ஒருவர், ஓரிரவு கல்லாப் பணத்தோடு கொழும்புக்கு ஓடிவிட எண்ணுகிறார். ரயில் நிலையம்வரை சென்றவர் அஞ்சித் திரும்பி வந்து, தாம் எடுத்த சில்லறையைத் தம் பெயரிலேயே பற்று எழுதுகிறார். ஏவலாளின் பணிவு, சமமானவர்களின் உபசாரம் போன்றதன்று. சமமானவர்களின் மரியாதை கோபத்தை மூடிவைக்கிறது. ஏவலாளின் பணிவோ கோபத்தையே தின்றுவிடுகிறது.

ஆகவே, பகைவரின் பணிமொழியைச் சித்திரிக்கும் எந்தக் கதையையும் மதிப்பிட நாம் ஓர் உரைகல்லை முன்வைக்கலாம். அந்த இருவருக்கும் அப்பால் மூன்றாவது ஆள் ஒருவர் கதையில் இருக்கிறாரா என்று தேடுவதே அது. கோகோலின் கதையில் இருக்கிறார். நயமான பேச்சுடைய இவான் இவானொவிச் ஞாயிறன்று கோயிலை விட்டு வரும்போது பிச்சைக்காரர்களிடம் செல்கிறார். ஒரு கிழவியிடம் எந்த ஊர் என்று கனிவோடு விசாரிக்கிறார்; ரொட்டி வேண்டுமா, இறைச்சி வேண்டுமா என்றும் கேட்கிறார். வேண்டும் என்று அவள் சொன்னபின், போய் வா, ஏன் நிற்கிறாய், நான் உன்னை அடிக்கவில்லையே என்று அனுப்பிவிடுகிறார். சண்டை தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் இக்காட்சியை வைத்துவிட்டார். இதைப் படித்த பிறகு அவருடைய வணக்கங்களின் பெறுமதி நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிரேம்சந்தின் கதையில் ஓடியோடிச் செய்தி கொண்டுவரும் பணிப்பெண்ணும், தம் உழைப்பெல்லாம் லக்னோவின் கேளிக்கைக்கு வடிந்துபோகும் கிராமத்து மக்களும் அந்த மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள் இல்லாத கதை, பணக்கார வீட்டு விறாந்தையில் அமர்ந்து வீட்டுக்காரரோடு சேர்ந்து சிரிக்கும் கதையாகவே முடியும்.

ஈழத்தில் இத்தகைய அங்கதத்துக்கு நல்ல நிலம் இருந்தது. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' வானொலியில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியையும் அதன் உபசார வளைவுகளையும் வீடுதோறும் கொண்டுசென்றது. 1960களிற் கொழும்பிலே தோன்றிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற 'சிரித்திரன்' இதழில், அதன் ஆசிரியர் சிவஞானசுந்தரம், ஆங்கில மோகங்கொண்ட டாமோடிரன் தம்பதியைக் கேலிச்சித்திரமாக்கி, நம் நடுத்தர வர்க்கத்தின் போலி நாகரிகத்தை அதன் முகத்துக்கு நேரே காட்டினார். ஆனால் நமது முற்போக்குப் புனைகதை இந்தக் கொடையைப் போதிய அளவு பயன்படுத்திக்கொண்டதா? இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் அணியின் சாதாரணமான கதைகளிலே எதிரி எப்போதும் உறுமுகிறான். பண்ணையார் மீசையை முறுக்குகிறார். முதலாளி மேசையிற் குத்துகிறார். உயர்சாதிக்காரர் கொடுக்கைத் தூக்கிப் பேசுகிறார். அப்படி உறுமியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் காட்டிய கொடுமைகள் எவ்வித மூடியுமற்றவை. அவற்றை மறைத்து எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். கீழ்நோக்கிப் பாயும் கோபத்துக்கு முகமூடி தேவைப்படுவதில்லை. ஒடுக்கப்பட்டவனை "நீ" என்றும் "வாடா" என்றும் அழைத்தவர்கள் அதற்காக நாணவில்லை. ஆனால் அதே மனிதர்கள் தமக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? கோயில் திருவிழா உபயம் யாருக்கு, பாடசாலை முகாமைப் பதவி யாருக்கு, நகரசபை ஆசனம் யாருக்கு என்று போட்டியிட்டபோது எத்தனை "ஐயா"வும் "தாங்களும்" பரிமாறிக்கொண்டார்கள்? "நீங்கள்", "நீர்", "நீ" என்ற மூன்று படிகளையும் ஒரே நாளில் ஒரே வாய் ஏறி இறங்குவதைக் காட்டும் கதை, பத்து உறுமல்களை விடச் சமூகத்தின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். உறுமுகிற எதிரியை மட்டும் படித்துப் பழகிய வாசகன், புன்னகையோடு வருகிற எதிரியை அடையாளம் காணமாட்டான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மரியாதை என்பது நாகரிகமல்லவா? உள்ளத்தில் வெறுப்பு இருந்தாலும் நாவை அடக்குவது நன்றல்லவா? 1958ஐயும் 1983ஐயும் கண்ட கொழும்பிலிருந்து எழுதும் நாம் இக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. அடக்கப்படாத வெறுப்பு தெருவில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அறியும். எனவே முகமூடியைக் கழற்றிவிட்டுக் கைகலப்பதே நேர்மை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வகை மரியாதைகள் உண்டு என்பதை மட்டும் வலியுறுத்துகிறோம். ஓங்கிய கையை நிறுத்தும் மரியாதை ஒன்று. சொல்ல வேண்டிய உண்மையை நிறுத்தும் மரியாதை மற்றொன்று. முதலாவதை எந்த நல்ல அங்கத ஆசிரியனும் எள்ளியதில்லை. இரண்டாவது, பகையைத் தீர்க்காமலும் தீர விடாமலும் காலமெல்லாம் ஊறவைக்கிறது. அவ்வாறு ஊறிய வெறுப்புத்தான் ஒருநாள் வெடிக்கிறது.

கோபத்தை நேரே சொல்லும் மூன்றாவது வழியும் நம் நகரின் வரலாற்றில் உண்டு. 1933இல் வெள்ளவத்தை நூல்-நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் அவர்களோடு நின்றனர். தம் கோரிக்கை என்ன, அதை மறுப்பவர் யார் என்பதைத் தொழிலாளர் மறைவின்றிச் சொன்னார்கள். அங்கே வஞ்சப் புகழ்ச்சிக்கு இடமில்லை. அடிதடியும் இன்றி, போலி உபசாரமும் இன்றிக் கோபத்தைக் கோரிக்கையாக்குவது எப்படி என்பதை உழைக்கும் மக்களிடமிருந்தே கற்க வேண்டும். அங்கத இலக்கியம் அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் விடுவதில்லை. அங்கே செல்லும் பாதையிலுள்ள பொய்களை அகற்றித் தருகிறது.

இன்று எழுத வரும் இளைஞனுக்குக் களம் தொலைவில் இல்லை. வேலியை விட்டு வந்தவர்கள் காலி வீதியின் இரு மருங்கிலும் எழுந்த மாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். கதியாலுக்குப் பதிலாக வாகனம் நிறுத்தும் இடம் வந்திருக்கிறது. தோம்புக்குப் பதிலாகக் குடியிருப்பாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு வந்திருக்கிறது. மின்தூக்கிக்குள் "முதல்ல நீங்கள் போங்கோ" என்று வழிவிடும் இருவர், மாலையில் ஒருவரைப் பற்றி ஒருவர் மனு எழுதுகிறார்கள். அந்த மின்தூக்கியைத் துடைப்பவரை யார், எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள்? கொட்டாஞ்சேனைக் கடைத்தெருவில் எதிரெதிரே கடை வைத்திருப்பவர்கள் கைகூப்பிக்கொள்ளும்போது, மூட்டை சுமந்து நிற்பவர் எதைப் பார்க்கிறார்? இக்கேள்விகளுடன் எழுதத் தொடங்குபவனுக்குக் கதை கிடைக்காமற் போகாது.

நமது நூல் வெளியீட்டு மேடைகளையும் இக்கணக்கில் விட்டுவிட இயலாது. நேற்றுவரை ஒரு நூலைக் குப்பை என்று நண்பர்களிடம் சொன்னவர், இன்று மேடையில் அதன் ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துகிறார். முற்போக்காளர் மேடை ஆதலால் இது நிகழாது என்று எவரும் உறுதி கூற முடியாது. "மதிப்புக்குரிய நண்பர்" என்று தொடங்கி, நூலைப் பற்றி ஒரு வரியும் சொல்லாது அரைமணி நேரம் பேசும் கலை நம்மிடையே நன்றாக வளர்ந்திருக்கிறது. திறனாய்வு இல்லாத இடத்திற் பாராட்டு மலிகிறது. பாராட்டு மலிந்த இடத்தில் மொட்டைக் கடிதம் பிறக்கிறது. நூலிலே குறையிருந்தால் ஆசிரியர் முன்னிலையில், காரணத்தோடு, கனிவாகச் சொல்லும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்வோமானால், அதுவே இந்த இரு நோய்களுக்கும் மருந்தாகும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. வஞ்சப் புகழ்ச்சியைப் பரீட்சைக்குரிய அணி இலக்கணமாக மாத்திரம் கற்பித்து நிறுத்தாது, ஔவையின் பாட்டையும் கோகோலின் மனுவையும் பிரேம்சந்தின் மசூதியையும் ஒரே பாடத்தில் வைத்து மாணவருக்குக் காட்டலாம். ஔவை உயிர்களைக் காப்பதற்காகப் பணிமொழி பேசினாள். இவான் இவானொவிச் தம் அகந்தையைக் காப்பதற்காகப் பேசினார். ஒரே அணி, இரு வேறு அறங்கள். யார் யாரிடம், யாருடைய செலவில் மரியாதையாகப் பேசுகிறார் என்று கேட்கப் பழகிய மாணவன், கதையை மட்டுமன்றி, தேர்தல் மேடையையும் அலுவலகக் கடிதத்தையும் செய்தித்தாளின் தலையங்கத்தையும் சரியாகப் படிப்பான். இலக்கியக் கல்வி அவனுக்குத் தரக்கூடிய ஆயுதங்களில் இதைவிடப் பயனுள்ளது அதிகமில்லை.